என்.எஸ்.எஸ் சர்ட்டிபிகேட் சரி... ஊருக்கு நிஜமா என்ன செய்யலாம்? சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து காலேஜ் பசங்களுக்கு ஒரு கைடு!

காலையில் தாம்பரத்திலிருந்து கிளம்பும் செங்கல்பட்டு லோக்கலில் ஏறிப் பாருங்க. திரும்பின பக்கமெல்லாம் கழுத்தில் ஐடி கார்டு. பொத்தேரியில் ஒரு பெரிய கும்பல் இறங்கும், காட்டாங்கொளத்தூரில் கொஞ்சம் பேர். மிச்சம் இருக்கிறவங்க சிங்கப்பெருமாள் கோவில், பரனூர், செங்கல்பட்டு என்று பிரிஞ்சு போயிடுவாங்க. இத்தனை ஆயிரம் பேர் தினமும் இந்த ஊர்கள் வழியாகப் போய் வந்தாலும், ஊருக்கும் நமக்கும் இருக்கிற உறவு பெரும்பாலும் டீக்கடை, ஜெராக்ஸ் கடையோடு முடிஞ்சுடுது.

'சமூக சேவை' என்றதும் நம்ம மனசுல ஓடுற படம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஒரு பேனர், பத்து மரக்கன்று, வெள்ளை டி-ஷர்ட், குரூப் போட்டோ. அதைத் தப்புன்னு சொல்ல வரலை. ஆனா ஜூலையில் நட்ட அந்தக் கன்றுக்கு, காலேஜ் லீவு விட்ட மே மாசத்துல தண்ணி ஊத்தினது யாரு?

எந்த வேலையை எடுக்கலாம்னு குழப்பமா இருந்தா, ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: 'நான் ஒருநாள் வரலைன்னா, அது யாரையாவது பாதிக்குமா?' பாதிக்கும்னா அது வேலை. இல்லைன்னா, அது போட்டோ எடுக்கிற நிகழ்ச்சியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

120 மணி நேரம்னா எவ்வளவு?

நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது நம்ம என்.எஸ்.எஸ், காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. அதில் சேர்ந்த ஒரு மாணவர் வருஷத்துக்கு 120 மணி நேரம் என்று ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் உழைக்கணும். கூடவே ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். இதை முடிச்சாதான் சான்றிதழ்.

120 மணி நேரம்னு கேட்டா மலைப்பா இருக்கும். வகுத்துப் பார்த்தா வாரத்துக்கு ரெண்டரை மணி நேரம்கூட வராது. ஒரு சினிமா, அவ்வளவுதான். ஆனா பல இடங்களில் நடக்கிறது என்ன? முதல் ஆறு மாசம் ஒண்ணும் இருக்காது. அப்புறம் முகாமில் ஒரேயடியா அத்தனை மணி நேரத்தையும் கணக்கு காட்டிடுவாங்க. முகாம் நடந்த ஊர்க்காரங்களுக்கு அந்த ஏழு நாள் ஒரு திருவிழா மாதிரி, எட்டாவது நாள் எல்லாம் பழையபடி. வாரம் ரெண்டரை மணி நேரத்தை ஒரே இடத்தில், ஒரே வேலையில் போட்டா என்ன ஆகும்? இனி வர்றது எல்லாம் அந்தக் கணக்குல பார்க்க வேண்டியவைதான்.

ஒரு பேனாவும் மூணு மணி நேரமும்

பார்வை மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் டிகிரி செமஸ்டர் தேர்வோ, வங்கித் தேர்வோ எழுதணும்னா, அவர் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் வேணும். 'ஸ்கிரைப்' என்பாங்க. அரசு பாஷையில் 'சொல்வதை எழுதுபவர்'. பத்தாவது, பன்னிரண்டாவது பொதுத்தேர்வுகளில் துறையே ஏற்பாடு செஞ்சுடும். சிக்கல் அதுக்கப்புறம்தான். கல்லூரித் தேர்வுகளுக்கும் போட்டித் தேர்வுகளுக்கும் ஆள் தேடுறது பல நேரங்களில் அந்த மாணவரின் தலையிலேயே விழுது. தேர்வுக்குப் படிக்க வேண்டிய ராத்திரியில், "அண்ணா, நாளைக்கு ஃப்ரீயா இருக்கீங்களா?"ன்னு போன் போட்டுட்டு இருக்கிற நிலைமை.

இப்ப அந்தக் கேள்விக்கு வாங்க. மரக்கன்று நிகழ்ச்சிக்கு நீங்க வரலைன்னா, இன்னொருத்தர் குழி தோண்டுவார். ஸ்கிரைப் வரலைன்னா? ஒருத்தரோட ஒரு பேப்பர் போச்சு. சில தேர்வுகளில் ஒரு வருஷமே போச்சு.

வேலை சுலபம்னு நினைக்காதீங்க. கேள்வியை நிறுத்தி, நிதானமா, ரெண்டு தடவை வாசிக்கணும். அவர் சொன்னதைத்தான் எழுதணும். பதில் தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சாலும் திருத்தக் கூடாது, "இது சரியா?"ன்னு இழுத்துக்கூடக் கேட்கக் கூடாது. அது காப்பி அடிக்கிறதுக்குச் சமம். தமிழ் வழித் தேர்வுன்னா உங்க ஒற்றுப் பிழைக்கு அவருக்கு மார்க் குறையும். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்படி, இப்படி எழுதுறவங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைஞ்சது 20 நிமிஷம் கூடுதல் நேரம் உண்டு. மூணு மணி நேரத் தேர்வுன்னா நாலு மணி நேரம் உட்கார்ந்து எழுதத் தயாரா போங்க. முடிஞ்சா தேர்வுக்கு முன்னாடி ரெண்டு தடவை சந்திச்சு, பழைய கேள்வித்தாளை வெச்சு ஒத்திகை பாருங்க. அவர் பேசுற வேகமும் உங்க கை ஓடுற வேகமும் ஒத்துப்போகணுமே!

விதிகள் தேர்வுக்குத் தேர்வு மாறும். பல தேர்வுகளில் எழுதுறவரின் கல்வித் தகுதி தேர்வரைவிட ஒரு படி குறைவா இருக்கணும். அதனால முதல் வருஷ மாணவர்களுக்குத்தான் இங்கே மவுசு. பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் படிக்கிற கல்லூரி எதையாவது அணுகலாம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் பேர் கொடுத்து வைக்கலாம். தேர்வுகளுக்கு நடுவுல, பாடங்களை வாசிச்சுப் பதிவு பண்ணி அனுப்புறது வீட்டுல இருந்தே செய்யக்கூடிய வேலை. நல்ல இயர்போன், சத்தமில்லாத ரூம், அது போதும்.

ரத்தம்: ஒரே நாள்ல எல்லாரும் கொடுக்காதீங்க!

ஜி.எஸ்.டி ரோட்டில் நடக்கிற விபத்துகளில் அடிபட்டவங்கள்ல பலர் போய்ச் சேர்றது செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான். அங்கே ரத்தம் எப்பவும் தேவை. கவனிங்க, 'எப்பவும்'. கல்லூரிகளில் முகாம் எப்ப நடக்கும்? ஏதாவது ஒரு முக்கிய தினத்தில், ஒரே நாளில் 200 பேர். சிவப்பணுக்களைக் குளிர்பதனத்தில் ஒரு மாசத்துக்கு மேல் கொஞ்சம் நாள் வெச்சிருக்கலாம். தட்டணுக்களுக்கு ஐந்தே நாள்தான் ஆயுள். ஏப்ரல், மே மாசத்துல காலேஜ் மூடிடும், முகாம்கள் நின்னுடும். ரத்த வங்கிகளில் தட்டுப்பாடு வர்ற மாசங்களும் அதுதான்.

ஆகவே உங்க கிளாஸ்ல 60 பேர் இருந்தா, நாலு குழுவா பிரிச்சு, குழுவுக்கு ஒரு மாசம்னு வெச்சுக்கோங்க. ஆண்கள் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நாலு மாசத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். 18 வயசு, குறைஞ்சது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5. புதுசா டாட்டூ குத்தியிருந்தா ஒரு வருஷம் காத்திருக்கணும் (காதலி பேரா இருந்தாலும் அதே விதிதான்). சாப்பிட்டுட்டுப் போங்க. காலையில் வெறும் வயித்துல போய் மயங்கி விழுறதுல எந்த தியாகமும் இல்லை.

வாட்ஸ்அப்பில் 'அவசரம், ஓ நெகட்டிவ் தேவை'ன்னு ஃபார்வேர்டு வந்தா, தேதியைப் பார்த்து, அந்த நம்பருக்கு ஒரு தடவை போன் பண்ணிட்டு அப்புறமா பகிருங்க. தேவை தீர்ந்து மாசக்கணக்கான பிறகும் அந்தக் குடும்பத்துக்கு போன் அடிச்சுக்கிட்டே இருக்கும். எந்த ரத்த வங்கியில் என்ன இருப்பு இருக்குன்னு இ-ரக்த்கோஷ் தளத்திலேயே பார்க்கலாம்.

விபத்துன்னு பேச்சு வந்ததால ஒரு விஷயம். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தா போலீஸ், கோர்ட்டுன்னு அலைய விடுவாங்கன்னு பயந்து ஒதுங்கிப் போறவங்க இன்னும் இருக்காங்க. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுறவருக்குப் பாதுகாப்பு தருது. உங்க பேரைச் சொல்லணும்னுகூடக் கட்டாயம் இல்லை. தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு அவசர சிகிச்சை இலவசம். அந்தத் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கி வைக்கப்பட்டதே இதே மாவட்டத்தில், மேல்மருவத்தூரில்தான். 108-க்கு போன் பண்ணிட்டு காத்திருக்கிற நேரத்துல என்ன செய்யணும், ரத்தப்போக்கை எப்படி அழுத்தி நிறுத்தணும், சி.பி.ஆர் எப்படிக் கொடுக்கணும்கிற பயிற்சியை உங்க யூத் ரெட் கிராஸ் பொறுப்பாசிரியரிடம் கேட்டு வாங்குங்க. கிளாஸுக்கு நாலு பேருக்குத் தெரிஞ்சிருந்தாலே இந்த ரோட்டுக்குப் பெரிய விஷயம்.

மைக் உங்க கையில்: கிராம சபை

இளைஞர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இடம் எதுன்னு கேட்டா நான் கிராம சபையைத்தான் சொல்வேன். "அதெல்லாம் பெரியவங்க சமாச்சாரம்"னு விட்டுடுறோம். சட்டப்படி, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற எல்லாரும் கிராம சபை உறுப்பினர்தான். 18 வயசு ஆனவரும் உறுப்பினர், 80 வயசுப் பெரியவரும் உறுப்பினர்.

இங்கிருந்து செங்கல்பட்டு வழியா உத்திரமேரூர் போனா, முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். ஆயிரத்து நூறு வருஷம் பழசு. அந்த ஊர்ச் சபைக்குத் தேர்வாகணும்னா வயசு 35-லிருந்து 70-க்குள் இருக்கணும், சொந்த நிலம் வேணும், வேதக் கல்வி வேணும். ஏற்கெனவே பதவியில் இருந்து கணக்கு காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவரோட சொந்தக்காரங்களுக்கும் வாய்ப்பு கிடையாது! கணக்கு விஷயத்துல அவங்க ரொம்பக் கறார். மத்தபடி, ஊர் விஷயம் பேசுறவங்க வட்டம் ரொம்பச் சின்னது. இன்னைக்கு நிலமும் வேண்டாம், டிகிரியும் வேண்டாம். பட்டியலில் பேர் இருந்தா போதும்.

ஜி.எஸ்.டி ரோட்டைப் பார்த்தா எல்லாமே சிட்டி மாதிரி தெரியும். ஆனா மறைமலை நகர் நகராட்சி, தாம்பரம் மாநகராட்சி. சிங்கப்பெருமாள் கோவிலோ, இவ்வளவு அபார்ட்மென்ட் வந்த பிறகும், காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்து ஊராட்சியாகத்தான் 2021 உள்ளாட்சித் தேர்தலைச் சந்திச்சது. ஊராட்சின்னா வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்னாடி நாலுதான் இருந்தது. தண்ணீர் தினத்தையும் உள்ளாட்சி தினத்தையும் 2022-ல் சேர்த்தாங்க. பாதிக்கு மேல் அரசு விடுமுறை நாள், காலேஜ் இருக்காது. சாக்குச் சொல்ல முடியாது!

பத்தாயிரம் பேருக்கு மேல் இருக்கிற ஊராட்சியில், கூட்டம் செல்லுபடியாக 300 பேர் வரணும். அப்போ 30 மாணவர்கள் போனா, தேவையான கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு நீங்கதான். ஆனா சும்மா போய் உட்காராதீங்க. 'ரோடு சரியில்லை'ன்னு பொதுவா சொன்னா, 'கவனிக்கிறோம்'னு பொதுவாவே பதில் வரும். எந்தத் தெரு, எத்தனாவது கம்பத்து லைட், எத்தனை நாளா எரியலை? ஒரே ஒரு பிரச்னையை எடுத்து, தேதியோடு போட்டோ வெச்சு, எழுதிக் கொண்டுபோய் கொடுங்க. தீர்மானப் புத்தகத்தில் அது ஏறிச்சான்னு கூட்டம் முடியுறதுக்குள்ள பார்த்துடுங்க. வரவு செலவு வாசிக்கும்போது காதைத் தீட்டிக்கோங்க. புரியலைன்னா கேளுங்க, அது உங்க உரிமை. அங்கே பதில் கிடைக்கலைன்னா, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம், 30 நாளுக்குள் பதில் தரணும். அடுத்த சபையில் அந்தப் பதிலோடு போய் நில்லுங்க. முதல் கூட்டத்தில் "யாருப்பா இந்தப் பசங்க?" என்பாங்க. மூணாவது கூட்டத்துல, நீங்க வரலைன்னா "எங்கப்பா அந்தப் பசங்க?"ன்னு கேட்பாங்க.

மாநகராட்சிப் பகுதியில் இருக்கீங்களா? அங்கே பகுதி சபா இருக்கு. 2022 நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபாவில் முதல்வரே கலந்துக்கிட்டார்.

பட்டியலில் பேரே இல்லைன்னா முதல்ல அதைச் சேருங்க. படிவம் 6, செல்போன்லயே முடியும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எந்தத் தேதியில் 18 நிரம்பினாலும் சேரலாம், 17 வயசுலயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஹாஸ்டல் மாணவர்கள் வீட்டு முகவரியிலோ ஹாஸ்டல் முகவரியிலோ பதியலாம், ரெண்டுலயும் கூடாது. என் யோசனை, சொந்த ஊர்லயே வெச்சுக்கோங்க. ஆகஸ்ட் 15-க்கோ அக்டோபர் 2-க்கோ ஊருக்குப் போறப்ப அங்கே பேசுங்க. உங்க தாத்தாவைத் தெரிஞ்சவங்க இருக்கிற சபையில் உங்க பேச்சுக்கு மதிப்பு கூட.

மழைக்கு முன்னாடி

2015 டிசம்பர் 1, 2 தேதிகளை இந்தப் பக்கத்து ஆளுங்க யாரும் மறக்க மாட்டாங்க. 24 மணி நேரத்துல தாம்பரத்தில் 49 செ.மீ மழை. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் அடையாற்றுத் தண்ணியில் மூழ்கிச்சு. அப்போ மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி வேலை செஞ்சாங்க, அதுல யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனா வெள்ளம் வந்த பிறகு சாப்பாட்டுப் பொட்டலம் தர கை நிறைய இருக்கும், செப்டம்பர்ல தெருவில் இறங்க ஆள் இருக்காது. எந்த வடிகால் வாய் அடைச்சிருக்கு, எந்தத் தெருவில் தரைத்தளத்தில் தனியா இருக்கிற வயசானவங்க யாரு, டயாலிசிஸுக்குப் போறவங்க யாரு, கர்ப்பிணிகள் யாருன்னு நாலு சனிக்கிழமை நடந்து ஒரு பட்டியல் எடுத்து ஊராட்சியிலோ வார்டு உறுப்பினரிடமோ கொடுத்தா, படகு எந்த வீட்டுக்கு முதல்ல போகணும்னு அன்னைக்கு யாரும் யோசிக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியல் குரூப்புகளில் சுத்தக் கூடாது, அது முக்கியம். தனியா இருக்கிற முதியவர்களின் முகவரி திருடனுக்கும் பயன்படும்.

ஏரி வேலை பிடிச்சவங்களுக்கும் இங்கே குறையில்லை. கீழ்க்கட்டளை ஏரியை மீட்கும் முயற்சிக்காக அருண் கிருஷ்ணமூர்த்திக்கு 2012-ல் ரோலெக்ஸ் விருது கிடைச்சது. அவர் தொடங்கிய இ.எஃப்.ஐ அமைப்பு தன்னார்வலர்களைச் சேர்த்துக்கிட்டு ஏரி, குளங்களில் வேலை செய்யுது. கூட்டம்னாலே அலர்ஜியா? ஜனவரியில் நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு உங்களுக்குத்தான். 2015-லிருந்து நடக்குது. மொட்டை மாடியோ, ஏரிக்கரையோ, 15 நிமிஷம் பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்டு ஆப்பில் ஏத்தணும், அவ்வளவுதான். காக்கா, மைனாவும் கணக்கில் சேரும்.

இந்தி, ஒடியா, வங்காளம் தெரிஞ்சவங்களுக்கு இன்னொரு வேலை காத்திருக்கு. ஒரகடம், மஹிந்திரா சிட்டி பக்கம் வேலைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பங்களில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வயித்து வலியை விளக்கத் தெரியாம தவிக்கிறவங்க உண்டு. வாரத்தில் ஒரு காலை அங்கே மொழிபெயர்க்க உட்காரலாமான்னு மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேட்டுப் பாருங்க.

சில உஷார் விஷயங்கள்

பணம் வசூலிக்கணும்னா உங்க சொந்த ஜிபே நம்பரைக் கொடுக்காதீங்க. நல்ல எண்ணத்தில் ஆரம்பிச்சு கெட்ட பேரில் முடியுற வழி அது. கல்லூரி மூலமாவோ பதிவு பெற்ற அமைப்பு மூலமாவோ போகட்டும், ரசீது வாங்குங்க. உதவி வாங்குற குழந்தைகளின் முகம் தெரியுற போட்டோவை ஸ்டேட்டஸில் வைக்காதீங்க. நாளைக்கு அதே பையன் உங்க காலேஜ்லயே சேரலாம்.

டியூஷன் எடுக்கப் போறவங்க கொஞ்சம் யோசிச்சுட்டு ஒத்துக்கோங்க. 2021-ல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கினப்ப சாயங்காலம் ஒண்ணு, ஒன்றரை மணி நேரம் என்ற சின்ன அளவோடுதான் தன்னார்வலர்களைக் கூப்பிட்டாங்க. சின்ன அளவுதான் நிலைக்கும். ரெண்டு மாசம் தினமும் வந்த அக்கா, திடீர்னு செமஸ்டர்னு காணாமப் போனா, மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு அது புரியாது. வாரம் ரெண்டு நாள்தான் முடியும்னா, ரெண்டு நாள்னு சொல்லுங்க.

கடைசியா ஒண்ணு, எப்படி விலகுறது? இதை யாரும் சொல்லித் தர்றதில்லை. ஃபைனல் இயர் வந்தா ப்ளேஸ்மென்ட், ப்ராஜெக்ட்னு ஓடணும், விலகத்தான் வேண்டியிருக்கும். அதனால மூணாவது வருஷம் தொடங்கும்போதே ஒரு ஜூனியரைக் கூட்டிட்டுப் போய் அறிமுகம் பண்ணுங்க. யார் யாரைப் பார்க்கணும், சாவி யாரிடம், கிராம சபையில் எந்த மனு எந்த நிலையில் இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதிக் கொடுங்க.

இப்படிக் கைமாத்தி விட்டு ஓடுற ஒரு அமைப்பு நம்ம சென்னையிலேயே இருக்கு. 1988-ல் மாணவர்கள் சேர்ந்து தொடங்கின கடலாமைப் பாதுகாப்புக் குழு, எஸ்.எஸ்.டி.சி.என். ஜனவரியிலிருந்து ஆமை சீசனில் ராத்திரி ராத்திரியா நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமை இட்ட முட்டைகளை எடுத்து, பாதுகாப்பான பொரிப்பகத்தில் வைக்கிறாங்க. ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், பொரிக்க 45 நாளுக்கு மேல் ஆகும். பிப்ரவரியில் எடுத்து வெச்ச முட்டை, சரியா செமஸ்டர் நெருங்குற நேரத்தில் பொரிக்கும். அப்பவும் அங்கே ராத்திரி முழிச்சிருக்க யாராவது இருக்காங்க. ஆரம்பிச்சவங்களுக்கு இப்ப ஐம்பது வயசுக்கு மேல் ஆகியிருக்கும். வார இறுதி நடைகளில் பொதுமக்களும் கலந்துக்கலாம். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து போறவங்க சாயங்கால லோக்கலிலேயே கிளம்பிடுங்க. நடை முடிய விடியற்காலை ஆகும், திரும்பி வர முதல் ரயில் இருக்கும்.